‘அனுப்பிட்டோமே’, ‘வரலையே’: உங்கள் மெயில் எந்த இடத்தில் நின்றுபோனது என்று கண்டுபிடிப்பது எப்படி?

“ஆஃபர் லெட்டரை வெள்ளிக்கிழமையே அனுப்பிட்டோமே” என்கிறது ஹெச்ஆர். உங்கள் இன்பாக்ஸில் எதுவும் இல்லை. ஸ்பேமிலும் இல்லை. பதில் சொல்ல நாளைதான் கடைசி நாள்.

அல்லது நீங்கள் அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவராக இருக்கலாம். இருபது பேர் வேலை செய்யும் நிறுவனத்தில், ‘கம்ப்யூட்டர் தெரிஞ்ச ஆள்’ என்ற ஒரே காரணத்துக்காக மெயில் சர்வரும் உங்கள் தலையில் விழுந்திருக்கும். இன்வாய்ஸ் சில நாள் போகிறது, சில நாள் போவதில்லை. ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை.

முழுவதுமாகப் படுத்துவிட்ட சர்வரைக் கண்டுபிடிப்பது சுலபம். எல்லோரும் ஒரே நேரத்தில் சத்தம் போடுவார்கள். அரைகுறையாக வேலை செய்யும் சர்வர்தான் ஆபத்தானது. நூறில் நான்கு மெயில் தொலைந்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள். தொலைந்த மெயில் தேவைப்படும் நாளில்தான் விஷயமே வெளியே வரும்.

ஆனால் ஒரு நல்ல செய்தி இருக்கிறது. ஒவ்வொரு மெயிலும் தான் போகும் வழியில் எழுத்து வடிவில் தடயம் விட்டுவிட்டுத்தான் போகிறது. சர்வரை ரீஸ்டார்ட் செய்வதற்கும், செட்டிங்ஸை மாற்றுவதற்கும் முன்னால் அந்தத் தடயத்தைப் படிக்க வேண்டும். எங்கே படிப்பது, என்னவென்று புரிந்துகொள்வது என்பதை இங்கே பார்க்கலாம்.

‘சென்ட்’ ஃபோல்டரில் இருந்தால் போய்ச் சேர்ந்துவிட்டது என்று அர்த்தமா?

இல்லை. உங்கள் மெயிலை உங்கள் சொந்த சர்வர் வாங்கிக்கொண்டது என்று மட்டும்தான் அர்த்தம்.

ஒரு மெயில் போய்ச் சேர நான்கு கட்டங்கள் உண்டு.

1. உங்கள் போனோ லேப்டாப்போ மெயிலை உங்கள் நிறுவனத்தின் சர்வரிடம் கொடுக்கும். வழக்கமாக 587 அல்லது 465 என்ற போர்ட் வழியாக.

2. அந்த சர்வர், பெறுபவரின் டொமைனுக்கு எந்த சர்வர் மெயில் வாங்குகிறது என்று டிஎன்எஸ்ஸில் தேடும். அந்தப் பதிவுக்கு எம்எக்ஸ் என்று பெயர். ஒன்றுக்கு மேல் இருந்தால், சிறிய எண் கொண்டதற்கே முதலிடம்.

3. கிடைத்த சர்வரை 25-ஆம் போர்ட்டில் தொடர்புகொண்டு மெயிலை ஒப்படைக்கும். அந்தப் பக்கம் ‘250’ என்று பதில் சொன்னால் ஒப்படைப்பு முடிந்தது.

4. வாங்கிய சர்வர் அதைச் சோதித்து இன்பாக்ஸிலோ, ஸ்பேமிலோ, நிர்வாகி மட்டும் பார்க்கக்கூடிய குவாரன்டைனிலோ போடும்.

இந்தப் பேச்சுவார்த்தைக்கான விதிமுறைதான் எஸ்எம்டிபி. ஜான் போஸ்டல் 1982-இல் எழுதிய ஆவணத்தின் அடிப்படை இன்றும் அப்படியே இருக்கிறது. தபால் நிலையங்கள் ஒன்றிடமிருந்து ஒன்று பையை வாங்கிக்கொள்வது போலத்தான் இதுவும். ‘250’ என்று சொல்லும் நொடியில், அந்த மெயிலுக்கான பொறுப்பு அனுப்பியவரிடமிருந்து வாங்கியவருக்குக் கைமாறுகிறது.

அடுத்த சர்வர் உடனே வாங்கிக்கொள்ளாவிட்டால் என்ன ஆகும்? உங்கள் சர்வர் மெயிலை வரிசையில் வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப முயற்சி செய்யும். முயற்சிகளுக்கு இடையே குறைந்தது 30 நிமிட இடைவெளி வேண்டும், 4 முதல் 5 நாளாவது முயன்ற பிறகே கைவிட வேண்டும் என்பது எஸ்எம்டிபி விதிமுறையின் பரிந்துரை. அதாவது, திங்கட்கிழமை நீங்கள் அனுப்பிய மெயில் போகவில்லை என்பது சனிக்கிழமைதான் உங்களுக்குத் தெரியவரலாம். வாட்ஸ்அப் மாதிரி இங்கே நீல டிக் கிடையாது.

திரும்பி வந்த மெயிலில் என்ன எழுதியிருக்கிறது?

‘டெலிவரி ஃபெயிலியர்’ என்று ஒரு மெயில் திரும்பி வந்தால் நம்மில் பலரும் அதைப் படிக்காமலே டெலீட் செய்துவிடுகிறோம். பிரச்சினையின் பாதி விடை அதில்தான் இருக்கிறது. நீளமான ஆங்கில வரிகளுக்கு நடுவே மூன்று இலக்க எண் ஒன்றைத் தேடுங்கள்.

2-இல் தொடங்கினால் வெற்றி. 4-இல் தொடங்கினால் தற்காலிகத் தடங்கல், சர்வர் மறுபடி முயற்சி செய்யும். 5-இல் தொடங்கினால் நிரந்தர மறுப்பு, இனி முயற்சி செய்யாது. அதற்குப் பக்கத்தில் புள்ளி வைத்த இன்னொரு எண் இருக்கும். காரணத்தைச் சொல்வது அதுதான்.

- 5.1.1: அப்படி ஒரு முகவரியே இல்லை. முதலில் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பாருங்கள்.

- 4.2.2 அல்லது 5.2.2: பெறுபவரின் மெயில்பாக்ஸ் நிரம்பிவிட்டது.

- 5.3.4: மெயில் அளவுக்கு மீறிப் பெரியது. இதில் ஒரு சூட்சுமம் உண்டு. அட்டாச்மென்ட்டை எழுத்துகளாக மாற்றித்தான் மெயிலில் அனுப்ப முடியும். அப்படி மாற்றும்போது அளவு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடும். 20 எம்பி ஃபைல் சுமார் 27 எம்பி ஆகிவிடும். “25 எம்பி வரைக்கும் போகும்னு சொன்னாங்களே” என்ற புகாரின் காரணம் இதுதான்.

- 421 அல்லது 4.7-இல் தொடங்கும் எண்கள்: நீங்கள் ரொம்ப வேகமாக அனுப்புகிறீர்கள், அல்லது உங்கள் சர்வர் மீது அந்தப் பக்கத்துக்கு நம்பிக்கை இல்லை.

- 5.7.1, 5.7.26: கொள்கை அடிப்படையில் மறுப்பு. பெரும்பாலும் அனுப்புநரின் அடையாளச் சோதனையில் தோல்வி. இதைக் கீழே விரிவாகப் பார்ப்போம்.

இந்த எண்களும் எப்போதாவது பொய் சொல்லும். 2020 டிசம்பர் 14, 15 தேதிகளில் கூகுளின் உள் மாற்றம் ஒன்றில் நேர்ந்த கோளாறால், நன்றாக இயங்கிக்கொண்டிருந்த ஜிமெயில் முகவரிகளுக்கே ‘550 5.1.1, அப்படி ஒரு கணக்கு இல்லை’ என்று பதில் போனது. இது நிரந்தர மறுப்பு என்பதால் அனுப்பிய சர்வர்கள் மறுபடி முயற்சி செய்யவில்லை. மறுப்பு வந்த முகவரிகளைத் தானாகவே பட்டியலிலிருந்து நீக்கும் மென்பொருள்கள் சரியான முகவரிகளையும் நீக்கிவிடும் ஆபத்து இருந்தது. ஆக, பழக்கமான முகவரிக்குத் திடீரென்று 5.1.1 வந்தால் ஒரு நாள் கழித்து மறுபடி அனுப்பிப் பார்ப்பதில் தவறில்லை.

மெயில் தாமதமாக வருகிறது. எங்கே மாட்டிக்கொண்டது?

இதற்கான பதில் வந்துசேர்ந்த மெயிலுக்குள்ளேயே இருக்கிறது. ஜிமெயிலில் மெயிலைத் திறந்து, மூன்று புள்ளி மெனுவில் ‘ஷோ ஒரிஜினல்’ என்பதை அழுத்துங்கள். மேலே குவியலாகத் தெரிவதுதான் ஹெடர். அதில் ‘ரிசீவ்ட்’ என்று தொடங்கும் வரிகளை மட்டும் கவனியுங்கள். மெயில் கடந்துவந்த ஒவ்வொரு சர்வரும் தன் பங்குக்கு ஒரு வரியை நேரத்துடன் மேலே ஒட்டியிருக்கும். அதனால் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும்.

உதாரணத்துக்கு, கீழ் வரியில் 10:02:11, அதற்கு மேல் 10:02:13, அதற்கும் மேல் 10:41:50 என்று இருந்தால், இரண்டாவது சர்வருக்கும் மூன்றாவது சர்வருக்கும் இடையில் 39 நிமிடம் போயிருக்கிறது. முதல் சர்வரைச் சந்தேகிக்கத் தேவையே இல்லை. இரண்டாவது சர்வரின் லாகை மட்டும் கேளுங்கள்.

நேர மண்டலத்தை மட்டும் கவனிக்க வேண்டும். இந்திய சர்வர் +0530 என்று போடும். பல சர்வர்கள் +0000 என்று போடும். ஜிமெயில் சர்வர்கள் கலிஃபோர்னியா நேரத்தில் எழுதும். காலை 10:02 +0530 என்பதும், 04:32 +0000 என்பதும் ஒரே நொடிதான். இதைக் கவனிக்காமல் ‘ஐந்தரை மணி நேரத் தாமதம்’ என்று சண்டைக்குப் போய்விடக் கூடாது.

சர்வர் உங்கள் பொறுப்பில் இருந்தால் முதலில் எதைப் பார்ப்பது?

கை பரபரக்கும். ஆனாலும் ரீஸ்டார்ட் பட்டனைத் தொடாதீர்கள். வரிசையில் நிற்கும் மெயில்களை ‘இப்பவே அனுப்பு’ என்று திரும்பத் திரும்பத் தள்ளவும் வேண்டாம். அந்தப் பக்கம் ஏற்கெனவே ‘மெதுவா வா’ என்று சொல்லியிருந்தால், இதனால் நிலைமை மோசமாகத்தான் ஆகும். இந்த வரிசையில் பாருங்கள்.

லாக்: லினக்ஸ் சர்வர்களில் பரவலாக இயங்கும் போஸ்ட்ஃபிக்ஸை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு மெயிலின் முடிவையும் அது ஒரே வரியில் எழுதிவைக்கிறது. ‘சென்ட்’ என்றால் ஒப்படைத்தாகிவிட்டது, ‘டெஃபர்ட்’ என்றால் தள்ளிவைக்கப்பட்டிருக்கிறது, ‘பவுன்ஸ்ட்’ என்றால் திருப்பி அனுப்பப்பட்டது. அதே வரியில் ‘டிலேஸ்’ என்று நான்கு எண்கள் இருக்கும். வரிசைக்குள் வருவதற்கு முன் ஆன நேரம், வரிசையில் காத்திருந்த நேரம், அடுத்த சர்வருடன் இணைய ஆன நேரம், மெயிலை ஒப்படைக்க ஆன நேரம் என நான்கும் தனித்தனியாக. எந்த எண் பெரிதாக இருக்கிறது என்று பார்த்தாலே நோய் எங்கே என்று தெரிந்துவிடும்.

வரிசை: எத்தனை மெயில் நிற்கிறது? நாற்பது நின்றால் சாதாரணம். வழக்கமாக நாற்பது நிற்கும் இடத்தில் நாற்பதாயிரம் நின்றால், யாரோ ஒரு ஊழியரின் பாஸ்வேர்டு திருட்டுப்போய் உங்கள் சர்வர் வழியாக ஸ்பேம் போய்க்கொண்டிருக்கிறது என்று முதலில் சந்தேகப்படுங்கள். வரிசையில் யார் பெயர் அதிகம் வருகிறது என்று எண்ணுங்கள். அந்தக் கணக்கை முடக்கிவிட்டு, பிறகு மற்ற வேலையைப் பாருங்கள்.

டிஸ்க் இடம்: சர்வரில் இடம் தீர்ந்தால் புது மெயிலை வாங்காது. ‘இப்போது இடமில்லை, பிறகு வா’ என்று 4-இல் தொடங்கும் பதிலைச் சொல்லும். இரவு பேக்கப் எடுக்கும்போது டிஸ்க் நிரம்பி, காலையில் காலியாகிவிட்டால், இரவு மெயில் மட்டும் தாமதமாகும் மர்மம் இப்படித்தான் உருவாகிறது. ஜிபி கணக்கில் இடமிருந்தும், ஃபைல்களின் எண்ணிக்கைக்கான வரம்பு தீர்ந்துவிடுவதும் உண்டு. சின்னச் சின்ன ஃபைல்கள் லட்சக்கணக்கில் சேரும் மெயில் சர்வரில் இது நடக்கக்கூடியதுதான். இரண்டையும் பாருங்கள்.

சான்றிதழும் டொமைனும்: பாதுகாப்பு இணைப்புக்கான டிஎல்எஸ் சான்றிதழ் காலாவதியானால் போன்கள் இணைய மறுக்கும். இலவசமாகக் கிடைக்கும் லெட்ஸ் என்க்ரிப்ட் சான்றிதழ்களின் வழக்கமான ஆயுள் 90 நாள்தான். தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாடு நின்றுபோனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை தலைவலி. டொமைனே காலாவதியானால் மெயிலும் போச்சு, வெப்சைட்டும் போச்சு. புதுப்பிக்கச் சொல்லும் எச்சரிக்கை அதே டொமைனில் இருக்கும் முகவரிக்கோ, வேலையை விட்டுப் போனவரின் முகவரிக்கோ போய்க்கொண்டிருந்தால் கேட்கவே வேண்டாம்.

வெளியே போகும் வழி: வாடகை கிளவுட் சர்வரில் புதிதாக மெயில் சர்வர் அமைத்திருக்கிறீர்களா? கூகுள் கிளவுட் 25-ஆம் போர்ட்டில் வெளியே போவதைத் தடுத்துவைத்திருக்கிறது. அமேசானில் தனியாக விண்ணப்பித்தால்தான் கட்டுப்பாடு நீங்கும். எல்லாம் சரியாக இருந்தும் ஒரு மெயில்கூட வெளியே போகாததற்கு இது காரணமாக இருக்கலாம்.

மற்றவர்களுக்குப் போகிறது. ஜிமெயிலுக்கு மட்டும் போகவில்லை. ஏன்?

இப்போது பலரும் மாட்டிக்கொள்ளும் இடம் இது. மெயிலின் ‘ஃப்ரம்’ பகுதியில் யார் பெயரை வேண்டுமானாலும் எழுதலாம் என்பது எஸ்எம்டிபி-யின் பிறவிக் குறை. அதை அடைக்க மூன்று ஒட்டுவேலைகள் வந்தன.

எஸ்பிஎஃப் என்பது வாட்ச்மேனிடம் கொடுத்துவைத்த பெயர்ப் பட்டியல் மாதிரி. ‘என் டொமைன் பெயரில் மெயில் அனுப்ப இந்த சர்வர்களுக்கு மட்டும்தான் அனுமதி’ என்று டிஎன்எஸ்ஸில் எழுதிவைப்பது. டிகேஐஎம் என்பது கவருக்கு வைக்கும் அரக்கு முத்திரை. மெயில் வழியில் திருத்தப்பட்டால் முத்திரை உடைந்தது தெரிந்துவிடும். டிமார்க் என்பது, இந்தச் சோதனைகளில் தோற்கும் மெயிலை என்ன செய்யலாம் என்று டொமைன் உரிமையாளர் சொல்லிவைப்பது: விட்டுவிடு, ஸ்பேமில் போடு, அல்லது திருப்பி அனுப்பு.

2024 பிப்ரவரியிலிருந்து கூகுளும் யாஹூவும் இவற்றைக் கட்டாயமாக்கின. யாராக இருந்தாலும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் இரண்டில் ஒன்றாவது வேண்டும். ஒரு நாளில் ஜிமெயில் கணக்குகளுக்கு 5,000 மெயிலுக்கு மேல் அனுப்புபவர்களுக்கு மூன்றும் வேண்டும். ஸ்பேம் என்று புகார் செய்பவர்களின் விகிதம் 0.3 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். ஆயிரம் பேரில் மூன்று பேர் ‘ஸ்பேம்’ பட்டனை அழுத்தினாலே சிக்கல்தான். 2025 மே மாதம் மைக்ரோசாஃப்ட்டும் தன் அவுட்லுக் சேவைக்கு இதே வழியில் விதிகளைக் கொண்டுவந்தது.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறுகள் இவை.

- ஒரே டொமைனில் இரண்டு எஸ்பிஎஃப் பதிவுகள் இருப்பது. முதலில் ஒரு மெயில் சேவை, பிறகு நியூஸ்லெட்டர் சேவை, பிறகு பில்லிங் மென்பொருள் என்று ஒவ்வொருவரும் ஒரு பதிவைச் சேர்க்கச் சொல்வார்கள். இரண்டு பதிவு இருந்தால் இரண்டுமே செல்லாது. ஒன்றாகச் சேர்த்து எழுத வேண்டும்.

- எஸ்பிஎஃப் பதிவைச் சோதிக்கும்போது 10 முறைக்கு மேல் டிஎன்எஸ்ஸில் தேட நேர்ந்தால் சோதனை தோல்வி. சேவைகளைச் சேர்த்துக்கொண்டே போனால் இந்த வரம்பு சத்தமில்லாமல் தாண்டிவிடும்.

- ஐபி எண்ணிலிருந்து பெயரைக் கண்டுபிடிக்க உதவும் பிடிஆர் பதிவு இல்லாமல் இருப்பது. இதை டொமைன் விற்றவரிடம் கேட்டுப் பயனில்லை. ஐபி எண்ணைக் கொடுத்த நிறுவனம்தான் அமைத்துத் தர வேண்டும்.

- விலை குறைந்த ஷேர்டு ஹோஸ்டிங்கில் உங்கள் ஐபி எண்ணையே பயன்படுத்தும் பக்கத்து வீட்டுக்காரர் ஸ்பேம் அனுப்பியதால், ஸ்பேம்ஹாஸ் போன்ற தடைப் பட்டியல்களில் உங்கள் ஐபி-யும் சேர்ந்துவிடுவது.

சில நேரம் மட்டும் தொலைவது ஏன்?

இதுதான் உண்மையான தலைவலி. இதற்கு மருந்து ஒரு எக்ஸெல் ஷீட். தொலைந்ததாகப் புகார் வந்த இருபது மெயில்களை எடுத்துக்கொள்ளுங்கள். நேரம், அனுப்பியவர், பெறுபவரின் டொமைன், மெயிலின் அளவு, எந்த ஐபி வழியாகப் போனது, வந்த எண் என்று ஆறு பத்தி போடுங்கள். ஒழுங்காகப் போய்ச்சேர்ந்த இருபது மெயில்களையும் பக்கத்திலேயே போடுங்கள். இரண்டுக்கும் எந்தப் பத்தி வித்தியாசப்படுகிறது?

இந்த அணுகுமுறைக்கு ஒரு புகழ்பெற்ற உதாரணம் உண்டு. 1990-களின் மத்தியில் அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் மெயில் சர்வரைப் பார்த்துக்கொண்ட டிரே ஹாரிஸிடம் புள்ளியியல் துறைத் தலைவர் ஒரு புகார் கொண்டுவந்தார். ‘500 மைலுக்கு மேல் எங்களால் மெயில் அனுப்ப முடியவில்லை.’ கேட்டால் சிரிப்புதான் வரும். ஆனால் அவர்கள் எந்த ஊருக்குப் போகிறது, எந்த ஊருக்குப் போகவில்லை என்று தரவு சேகரித்துவிட்டுத்தான் வந்திருந்தார்கள். ஹாரிஸ் சோதித்தபோது நியூயார்க்குக்குப் போனது, அதைவிடத் தொலைவில் இருக்கும் பாஸ்டனுக்குப் போகவில்லை.

காரணம்: ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் புதுப்பித்தபோது மெயில் மென்பொருள் பழைய பதிப்புக்குப் போய்விட்டது. புதிய பதிப்புக்கு எழுதிய செட்டிங்ஸ் அதற்குப் புரியவில்லை. அதனால் அடுத்த சர்வரின் பதிலுக்காகக் காத்திருக்கும் நேரம் பூஜ்ஜியம் ஆகிவிட்டது. நடைமுறையில் அது சுமார் 3 மில்லி விநாடி. அந்த நேரத்தில் ஒளி போகக்கூடிய தூரம் ஏறக்குறைய 900 கிலோமீட்டர், அதாவது 558 மைல். புகார் விசித்திரமாக இருந்தாலும் தரவு சரியாகவே இருந்தது.

உங்கள் அட்டவணையில் பெரும்பாலும் இவ்வளவு விசித்திரமாக எதுவும் வராது. வரக்கூடியவை இவை.

- வெப்சைட் படிவத்திலிருந்து வரும் மெயில் மட்டும் தொலைகிறது: மெயிலை வேறு சேவைக்கு மாற்றிவிட்டீர்கள், ஆனால் வெப்சைட் ஓடும் பழைய ஹோஸ்டிங் சர்வர், ‘இந்த டொமைனின் மெயில்பாக்ஸ் என்னிடம்தான் இருக்கிறது’ என்று இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறது. வாடிக்கையாளர் விசாரணைகள் யாரும் திறக்காத பழைய பெட்டியில் போய் விழுகின்றன. ஹோஸ்டிங் பேனலில் மெயில் ரூட்டிங்கை ‘ரிமோட்’ என்று மாற்ற வேண்டும்.

- ஒரே ஆளுக்கு அனுப்பும் மெயில் ஒரு முறை போகிறது, ஒரு முறை திரும்புகிறது: உங்கள் சர்வருக்கு ஐபிவி4, ஐபிவி6 என்று இரண்டு முகவரி இருக்கும். பிடிஆரும் எஸ்பிஎஃப்பும் முதலாவதற்கு மட்டும் இருக்கும்.

- சிலருடைய மெயில் மட்டும் வருவதில்லை: பழைய எம்எக்ஸ் பதிவு ஒன்று நீக்கப்படாமல் இருக்கிறது. அல்லது இரண்டு நேம்சர்வர்கள் இரண்டு வெவ்வேறு பதில்களைச் சொல்கின்றன.

- மாதத்தின் முதல் தேதி மட்டும்: சம்பளச் சீட்டு, இன்வாய்ஸ் எல்லாம் ஒரே நேரத்தில் போகிறது. இலவச ஜிமெயிலில் நாளுக்கு 500, கூகுள் வொர்க்ஸ்பேஸில் 2,000 என்ற வரம்பு உண்டு.

சரிசெய்யும்போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். டிஎன்எஸ் மாற்றம் எல்லா இடத்துக்கும் போய்ச் சேர மணிக்கணக்கில் ஆகலாம். மூன்றை ஒன்றாக மாற்றினால் எது குணப்படுத்தியது, எது புதுக் கோளாறைக் கொண்டுவந்தது என்று தெரியாது.

“நாங்க எதையுமே மாத்தலையே!”

உண்மையாகவே நீங்கள் எதையும் மாற்றாமல் இருந்திருக்கலாம். தேதி மாறியிருக்கும்.

2022 ஜனவரி 1 அன்று உலகம் முழுவதும் பல நிறுவனங்களின் சொந்த மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்ச் சர்வர்களில் மெயில் வரிசையிலேயே நின்றுவிட்டது. மெயிலில் வைரஸ் இருக்கிறதா என்று பார்க்கும் பகுதி, தன் பதிப்பு எண்ணைத் தேதியை வைத்து எழுதிவந்தது. புத்தாண்டில் அந்த எண் 2201010001 ஆனது. அதைச் சேமித்த இடத்தில் அடங்கக்கூடிய மிகப்பெரிய எண் 2147483647. எண் அடங்கவில்லை, சோதனைப் பகுதி ஓடவில்லை, சோதிக்காத மெயிலை சர்வர் விடவில்லை. மைக்ரோசாஃப்ட் கொடுத்த தற்காலிகத் தீர்வில் பதிப்பு எண் 2112330001 என்று இருந்தது. தேதியாகப் படித்தால், 2021 டிசம்பர் 33!

அன்று ஈவன்ட் லாகைத் திறந்து பார்த்தவர்களுக்கு ‘2201010001-ஐ மாற்ற முடியவில்லை’ என்று காரணமே எழுதப்பட்டிருந்தது. லாகைப் பார்க்காமல் ரீஸ்டார்ட் மட்டும் செய்துகொண்டிருந்தால் எத்தனை முறை செய்தாலும் பலன் இருந்திருக்காது.

மெயில் வரவில்லை என்றால் சட்டம் என்ன சொல்கிறது?

தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 13-ஆவது பிரிவு இதைப் பற்றிப் பேசுகிறது. இரு தரப்பும் வேறுவிதமாக ஒப்புக்கொண்டிருக்காவிட்டால், அனுப்புபவரின் கட்டுப்பாட்டுக்கு வெளியே இருக்கும் கணினி அமைப்புக்குள் மெயில் நுழையும்போது அது அனுப்பப்பட்டதாகக் கருதப்படும். பெறுவதற்கென்று நீங்கள் ஒரு முகவரியைக் குறிப்பிட்டிருந்தால், அந்த அமைப்புக்குள் மெயில் நுழைந்த நேரமே நீங்கள் பெற்ற நேரம்.

நீங்கள் திறந்து படித்தீர்களா என்பது அங்கே கேள்வியே இல்லை. ஆகவே ‘ஸ்பேமில் போயிடுச்சு, பார்க்கலை’ என்ற வாதம் கைகொடுக்காமல் போகலாம். மாறாக, மெயில் உங்கள் சர்வருக்குள் நுழையவே இல்லை என்றால் கதை வேறு. இரண்டையும் பிரித்துக் காட்டுவது அந்த லாகில் இருக்கும் ‘250’ வரிதான்.

அதனால் லாகைப் பாதுகாப்பது முக்கியம். இந்தியாவின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவின்படி, நிறுவனங்கள் தங்கள் கணினி அமைப்புகளின் லாகை 180 நாட்களுக்கு வைத்திருக்க வேண்டும். சர்வர் கடிகாரங்களையும் அதிகாரபூர்வ நேரத்துடன் பொருத்தி வைத்திருக்க வேண்டும். பல லினக்ஸ் சர்வர்கள் தொடக்க அமைப்பில் சில வாரங்களிலேயே பழைய லாகை அழித்துவிடும். உங்களுடையது எத்தனை நாள் வைத்திருக்கிறது என்று இன்றே பாருங்கள்.

விவகாரம் நீதிமன்றம் வரை போகும்போல் இருந்தால், ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் நம்ப வேண்டாம். மூல மெயிலை ஹெடருடன் அப்படியே சேமியுங்கள். மின்னணு ஆவணங்களைச் சாட்சியமாக வைக்க பாரதிய சாக்ஷ்ய அதிநியம் 63-ஆவது பிரிவின் கீழ் சான்றிதழ் தேவைப்படும். அதற்கு வழக்கறிஞரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பேசாமல் கூகுள், ஸோஹோ மாதிரி சேவைக்கு மாறிவிட்டால் போதாதா?

சின்ன நிறுவனத்துக்கு அதுவே நல்லது. டிஸ்க் நிரம்புவது, வைரஸ் சோதனை நின்றுபோவது போன்ற கவலைகள் தீரும். ஆனால் டிஎன்எஸ் உங்கள் கையில்தான் இருக்கும். எம்எக்ஸ், எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க், டொமைன் புதுப்பிப்பு எல்லாம் உங்கள் பொறுப்பு. மாறிய பிறகும் ‘சில நேரம் போகலை’ என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இவற்றைத்தான்.

நீங்கள் ஐடி ஆள் இல்லை. முக்கியமான மெயில் ஒன்று வரவில்லை. என்ன செய்யலாம்?

1. கணக்கில் இடம் இருக்கிறதா? கூகுளின் இலவச 15 ஜிபி என்பது ஜிமெயில், டிரைவ், ஃபோட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்து. கல்யாண வீடியோவால் நிரம்பினாலும் மெயில் வருவது நின்றுவிடும்.

2. ஸ்பேமைப் பாருங்கள். ஜிமெயிலில் 30 நாளில் தானாக அழிந்துவிடும். நீங்களே எப்போதோ போட்டு மறந்த ஃபில்டரோ ஃபார்வர்டோ இருக்கிறதா என்றும் பாருங்கள். நீங்கள் போடாத ஃபார்வர்டு இருந்தால் உடனே பாஸ்வேர்டை மாற்றுங்கள்.

3. அனுப்பியவரிடம் ‘மறுபடி அனுப்புங்க’ என்று மட்டும் சொல்லாதீர்கள். மூன்று விஷயம் கேளுங்கள்: எந்த முகவரிக்கு, எழுத்து எழுத்தாக, எந்த நேரத்தில், நிமிடம் வரை, அவர்கள் சர்வருக்குக் கடைசியாகக் கிடைத்த பதில் என்ன.

4. அந்தப் பதில் 250 என்றால் உங்கள் பக்கத்து நிர்வாகியிடம் போங்கள், குவாரன்டைனில் தேடச் சொல்லுங்கள். 4 அல்லது 5-இல் தொடங்கினால் வேலை அவர்கள் பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும். பதிலே இல்லை என்றால் மெயில் அவர்கள் சர்வரை விட்டே கிளம்பவில்லை.

5. கெடு வைத்த விஷயம் என்றால் அதே நாளில் வேறு முகவரியிலிருந்து ஒரு மெயிலும், போனில் ஒரு அழைப்பும். ‘இன்று வரை எனக்கு வந்து சேரவில்லை’ என்பதை எழுத்தில், தேதியுடன் சொல்லிவிடுங்கள். சர்வரைச் சரிசெய்ய ஒரு வாரம் ஆகலாம். உங்கள் கெடு அதுவரை காத்திருக்காது.